பல்லிடுக்கில் ஒரு ரப்பர் குழாய்

போன மாதம் ஒரு பையன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். வேதியியல் படித்துவிட்டு, வேலை தேடாமல் கண்ணாடி ஊதக் கற்றுக்கொண்டிருக்கிறவன். படத்தில் ஒரு பெட்டி, கண்ணாடி ஊதுவதற்கான குழாய்த் தொகுப்பு. அதற்குள் சுருட்டி வைத்த வெள்ளைக் குழாய், பளபளக்கும் பித்தளைச் சுவிவல் (குழாய் முறுக்கேறாமல் சுற்றவிடும் இணைப்பு), அளவு வாரியாக நாலு ரப்பர் கார்க், வாயில் வைத்துக்கொள்ள ஒரு கருப்புத் துண்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமாம். விலை, அவன் வாங்கிய பர்னரில் பாதி. “வாங்கலாமா சார்?” என்று கேட்டிருந்தான்.

வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதில் போட்டேன். பிறகு அது நியாயமில்லை என்று பட்டது. பர்னர், ஆக்சிஜன் ரெகுலேட்டர், கண்ணாடி வகை என்று மணிக்கணக்கில் பேசுகிற எங்கள் ஆட்கள் இந்தக் குழாயைப் பற்றி மட்டும் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. என் மாஸ்டரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் நாள் ஒரு பழுப்பு ரப்பர் டியூப்பை மாலை மாதிரி என் கழுத்தில் போட்டு, “கடிச்சுக்கோ” என்றார். பயிற்சி அவ்வளவுதான். அதற்கு முன் அது யார் வாயில் இருந்தது என்று நானும் கேட்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கண்ணாடி ஊதுவது என்றதும் நீளமான இரும்புக் குழாயின் நுனியில் பாகு மாதிரித் தொங்கும் கண்ணாடிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது உலையடிக்காரர்களின் வேலை. ஆய்வகக் கருவி செய்கிற நாங்கள் குழாயாகவே வரும் போரோசிலிகேட் கண்ணாடியை மேஜைப் பர்னரில் காட்டி, இளக்கி, ஒட்டி, வளைத்து, ஊதி வடிவத்துக்குக் கொண்டுவருகிறோம். இந்தக் கண்ணாடி 820 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கும். கைக்கு அடங்கி வேலை செய்ய ஆயிரத்துக்கு மேல் போக வேண்டும். அந்தச் சூட்டில் கண்ணாடியைச் சுற்றிக்கொண்டே இருக்காவிட்டால் ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். அதனால் இடது கை ஒரு முனையைச் சுற்றும், வலது கை மறு முனையை அதே வேகத்தில் சுற்றும், கண் தீயை விட்டு நகராது. சின்ன வேலை என்றால் தீயிலிருந்து எடுத்து, வாயருகே கொண்டுபோய் ஊதிவிட்டுத் திரும்பலாம். ஆவியைக் குளிரவைக்கும் கண்டென்சர் ஒன்றுக்குள் உள்குழாயை வெளிக்குழாயோடு ஒட்டும்போது அப்படி எழுந்து வந்து வாயில் வைக்க முடியாது. தீக்குள் இருக்கும்போதே ஊத வேண்டும். அதற்குத்தான் இந்தக் குழாய். ஒரு முனை பல்லிடுக்கில். மறு முனை கண்ணாடியின் ஒரு திறப்பில் துளை போட்ட ரப்பர் கார்க் வழியாக நுழைந்திருக்கும். மற்றத் திறப்புகளையெல்லாம் கார்க் போட்டு அடைத்துவிடுவோம்.

என் அப்பா நகை வேலை செய்தவர். அவரிடம் நுனி வளைந்த பித்தளை ஊதுகுழல் ஒன்று இருந்தது. விளக்குச் சுடரை அதால் ஊதிச் சாய்த்து, பொடி வைத்து நகைத் துண்டுகளைப் பற்றவைத்து ஒட்டுவார். நாகஸ்வரக்காரர்கள் மாதிரியேதான்: கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு, மூக்கால் இழுத்துக்கொண்டே வாயால் விடாமல் ஊதுவது. பத்து வயதில் அதை நானும் பழகியிருந்தேன். அதனால் கண்ணாடிப் பட்டறைக்குப் போனபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. முதல் நாளே ஒரு சோதனைக்குழாயின் அடிப்பாகத்தை உருட்டச் சொன்னார்கள். அப்பாவின் முறைப்படி சீராக ஊதினேன். அடிப்பாகம் சோப்பு நுரை மாதிரிப் பெரிதாகி, மெலிந்து, படபடவென்று நொறுங்கிப் பறந்தது. “டேய், அடுப்பா ஊதுற?” என்றார் மாஸ்டர்.

அடுப்பு ஊதும்போது காற்று ஒரு வழியாகப் போய்விடுகிறது. இங்கே மறுமுனை அடைபட்டிருக்கிறது, கொடுத்த காற்று திரும்பி வரும். அது மட்டுமில்லை. உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரியும். நீங்கள் ஊதாவிட்டாலும் இளகிய இடம் தானாகவே உப்பப் பார்க்கும். தீயை விலக்கினால் சுருங்கி உள்ளே இழுக்கும். இந்த ஏற்ற இறக்கம் முழுவதும் குழாய் வழியாக வந்து நாக்கு நுனியில் தெரியும். நாக்கு நுனியைத் துளையில் வைத்து மூடலாம், லேசாக விலக்கிக் காற்றை விடலாம், மறுபடி மூடலாம். வால்வு என்றால் அதுதான் வால்வு. கண்ணாடி எவ்வளவு இளகியிருக்கிறது என்பதைக் கண் சொல்வதற்கு ஒரு நொடி முன்பே நாக்கு சொல்லிவிடும். காற்றைக் கொண்டுபோகிறதா என்பதை எந்தக் குழாயிலும் சுலபமாகப் பார்த்துவிடலாம். திரும்பி வருவதை நாக்குக்குக் கொண்டுவந்து சேர்க்கிறதா என்று பார்த்துத்தான் நான் குழாய் வாங்குகிறேன். அந்தப் பையனிடம் நான் சொல்ல நினைத்தது இதைத்தான். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது.

முதலில் துளையின் அளவு. ஆரம்பத்தில் காசை மிச்சம் பிடிக்க சைக்கிள் வால்வு டியூப்பில் முயன்றவன் நான். அந்த மெல்லிய ரப்பருக்குள் ஊதினால் கன்னம் வலிக்கும், கண்ணாடிக்கு ஒன்றும் போய்ச் சேராது. துளையின் விட்டம் பாதியானால் காற்றுக்கு ஏற்படும் தடை 2 மடங்கு ஆவதில்லை, 16 மடங்காகும் என்பது இயற்பியல் பாடத்தில் வந்ததுதான். பட்டறையில் அது கன்னத்தில் புரிந்தது. அப்புறம் எதிர்ப்பக்கம் போய், 8 மி.மீ. துளையுள்ள தடித்த குழாய் ஒன்றை மாட்டினேன். ஊதச் சுகமாக இருந்தது. ஆனால் நான் நிறுத்திய பிறகும் கண்ணாடி உப்பிக்கொண்டே போனது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 120 செ.மீ. நீளத்துக்கு 4 மி.மீ. துளையென்றால் உள்ளே 15 மில்லி காற்று; 8 மி.மீ. என்றால் 60 மில்லி. நாம் செய்கிற சின்ன மூட்டுக்குள் இருக்கும் காற்றே அதைவிடக் குறைவு. கட்டுப்படுத்த வேண்டிய காற்றை விடக் குழாயில் நிற்கிற காற்று அதிகமென்றால் நாக்குக்கு என்ன தெரியும்? 4 மி.மீ.யில் வந்து நின்றேன். பெரிய பிளாஸ்க் ஊதும்போது மட்டும் 5.

அடுத்தது சுவரின் தடிமன். இதை யாரும் பேசுவதே இல்லை. மெல்லிய சுவருள்ள ரப்பர் கையில் பிடிக்க இதமாக இருக்கும். ஆனால் ஊதினால் குழாயே உப்பும். நாம் கொடுக்கும் காற்றின் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிட்டு, நாம் நிறுத்தியதும் மெதுவாகக் கக்கும். அதோடு வளைகிற இடத்தில் மடிந்து அடைத்துக்கொள்ளும். ஒன்றரை மி.மீ. சுவராவது வேண்டும். அதற்கு மேல் தடித்தால் கனம் கூடி, கண்ணாடியின் முனையை இழுக்கத் தொடங்கும்.

பொருள் என்று பார்த்தால், கொளத்தூர் மீன் சந்தைப் பக்கம் போனால் தொட்டிக்குக் காற்று விடும் குழாய் மீட்டர் கணக்கில் கிடைக்கும். துளை நமக்கு வேண்டிய அளவை ஒட்டித்தான் இருக்கும். பச்சையாகவோ கண்ணாடி மாதிரியோ இருக்கும் பிவிசி வகையை வாங்காதீர்கள். சுருட்டி வைத்த ஞாபகம் அதற்குப் போகவே போகாது. மேஜை மேல் பாம்பு மாதிரி எழுந்து நிற்கும். சிலிக்கான் பரவாயில்லை. சூட்டுக்குத் தாங்கும், வாயில் ரப்பர் ருசி வராது, லேட்டக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வேறு வழியும் இல்லை. கொஞ்சம் கனம், கொஞ்சம் தொளதொளப்பு. எனக்கு இன்னமும் பிடித்தது மருத்துவ உபயோகத்துக்கு வரும் லேட்டக்ஸ் டியூப்தான், பாரிமுனையில் நைனியப்ப நாயக்கன் தெரு சர்ஜிக்கல் கடைகளில் கிடைப்பது. உண்டிவில்லுக்கு வாங்கிப் போகிற பையன்களோடு நின்று நானும் வாங்கியிருக்கிறேன். இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்கு வரும், எந்தக் கார்க் முனையையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். குறை என்னவென்றால் ஆயுள். வெயிலும் தீயின் சூடும் சேர்ந்து என்னுடையது எதுவும் சென்னையில் ஒரு வருடத்தைத் தாண்டியதில்லை. முனைப் பக்கம் விரலால் இழுத்துப் பார்த்தால் பொடிப் பொடியாக வெடிப்பு தெரியும். தெரிந்தால் அந்த இரண்டு அங்குலத்தை வெட்டிவிட்டுத் தொடரலாம். இரண்டாம் முறை தெரிந்தால் குப்பைக்கு.

புதுக் குழாயை அப்படியே மாட்டிவிடக் கூடாது என்பதை நான் ஒரு நாள் முழுக்க வேலையைக் கெடுத்துக்கொண்டு கற்றேன். உட்சுவர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே வெள்ளைப் பொடி தூவியிருக்கிறார்கள். முதல் ஊதலிலேயே அது கண்ணாடிக்குள் பறந்து, சூடான இடத்தில் ஒட்டி, வெள்ளைப் புள்ளிகளாக உருகிப் பதிந்துவிட்டது. எந்த அமிலத்தில் கழுவினாலும் போகவில்லை. இப்போதெல்லாம் வாங்கியதும் வெந்நீரை உள்ளே ஓட்டி, இரவு முழுக்கக் கொடியில் தொங்கவிடுகிறேன். காற்று கசிகிறதா என்று பார்க்க ஒரு முனையை மூடி வாளித் தண்ணீரில் முக்கி ஊதினால் போதும், சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் பார்க்கிற மாதிரி.

சுவிவலுக்கு வருகிறேன். பெட்டியில் அந்தப் பையனை மயக்கியது அதுதான் என்று எனக்குத் தெரியும்.

கண்ணாடி சுற்றிக்கொண்டே இருக்கிறது, வாய் சுற்றுவதில்லை. நடுவில் இருக்கிற குழாய் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும். ஒரே திசையில் 20 சுற்று சுற்றினால் கயிறு திரித்த மாதிரி ஆகிவிடும். பழைய ஆட்கள் இதற்கு முன்னும் பின்னுமாகச் சுற்றிச் சமாளிப்பார்கள். நானும் அப்படித்தான் பழகினேன், பிடிவாதமாக. ஒரு ஆராய்ச்சி மாணவிக்காக ஒரு லிட்டர் மூன்று கழுத்துப் பிளாஸ்க் செய்துகொண்டிருந்தேன். இரண்டு கழுத்து ஒட்டியாகிவிட்டது. மூன்றாவதுக்கு இளக்கிவிட்டு மெதுவாக ஊதினேன், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம். அசையவில்லை. முதுகுக்குப் பின்னால் குழாய் முறுக்கேறி மடிந்திருந்தது எனக்குத் தெரியாது. பலமாக ஊதினேன். அந்த நேரம் பார்த்துத் தோளை அசைத்திருக்கிறேன். மடிப்பு விடுபட்டு, தேங்கியிருந்த அத்தனை காற்றும் ஒரே மூச்சில் உள்ளே போய், மூன்றாவது கழுத்து இருந்த இடத்தில் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குக் குமிழ் எழுந்து வெடித்தது. இரண்டு நாள் வேலை. அந்தப் பெண் “பரவாயில்லை சார்” என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவளுக்கு அடுத்த வாரம் அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது.

சரி, ஒரு சுவிவல் வாங்குங்கள். ஆனால் பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை விரலால் தட்டிவிட்டால் அது தன்போக்கில் சுற்ற வேண்டும். இறுக்கமாகச் சுற்றுகிற சுவிவல் இல்லாததைவிட மோசம். முறுக்கைச் சேர்த்து வைத்து, நாம் எதிர்பாராத நேரத்தில் சடாரென்று விடும். அப்புறம் கனம். கண்ணாடியின் முனையில் தொங்கப் போகிற பொருள் அது. பித்தளைக் கட்டி ஒன்றை 8 மி.மீ. கண்ணாடிக் குழாயின் நுனியில் மாட்டினால், இளகியதும் குழாய் அந்தப் பக்கம் தலை சாய்க்கும். நான் இப்போது வைத்திருப்பது ஒரு கடைசல்காரர் டெஃப்லானில் கடைந்து கொடுத்தது, சுண்டுவிரல் பாதி அளவு. கிரீஸ் போட வேண்டாம் என்பதற்காகவே அந்தப் பொருள். சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் உள்ளே போனாலும், தீ பட்டதும் கண்ணாடியில் புகை மாதிரி ஒரு படலமாக நின்றுவிடும்.

வாய்த்துண்டு அவரவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். இதில் விவாதமே இல்லை. நாகஸ்வரக்காரர் தன் சீவாளியை இன்னொருவருக்குக் கொடுப்பாரா? பிரான்சில் லியோனுக்குப் பக்கத்தில் ரிவ்-தெ-ஜியே என்ற கண்ணாடித் தொழில் ஊரில், 19ஆம் நூற்றாண்டின் நடுவில், கைமாறிக் கைமாறி ஊதிய ஒரே குழாய் வழியாகத் தொழிலாளர்களிடையே சிஃபிலிஸ் பரவியது. மருத்துவர்கள் அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் காசநோயை நினைத்தாலே போதும். கொரோனா வந்த பிறகுதான் பல பட்டறைகளில் ஆளுக்கொரு குழாய் என்ற பழக்கம் வந்தது என்பது கொஞ்சம் வெட்கமான விஷயம்.

கண்ணாடித் துண்டு ஒன்றை நுனி மழுக்கி வாயில் வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் வைத்திருந்தேன், யாரோ முழங்கையால் குழாயில் இடித்து, என் முன்பல்லில் ஒரு சில்லு பெயரும்வரை. ரப்பரையே கடித்துக்கொண்டால் ஒரு மாதத்தில் ஓட்டை விழும். ரொம்பக் காலம் நான் உபயோகித்தது பால்பாயிண்ட் பேனாவின் வெளிக்கூட்டை இரண்டு அங்குலம் வெட்டியது. பல்லுக்கு இதம், தொலைந்தால் துக்கமில்லை. துளை மட்டும் நாக்கு நுனி மூடுகிற அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும்.

இனி அணிவது. அணிவது என்றுதான் சொல்ல வேண்டும். பிடித்துக்கொள்ளக் கை இல்லை. நியான் பலகை செய்கிற நண்பர் ஒருவர் இருந்தார், அண்ணா சாலைக் கடைப் பலகைகள் சிவப்பும் நீலமுமாக எரிந்த காலத்து ஆள். நாலடிக் கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி, எடுத்து, மேஜையில் விரித்த வரைபடத்தின் மேல் வைத்து வளைத்து, வளைந்த இடம் சப்பையாகும் முன்பே ஒரு ஊதல். இரண்டு மூன்று நொடிக்குள் எல்லாம் முடிய வேண்டும். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் போட்டிருக்கிற மாதிரி நாள் முழுக்க அவர் கழுத்தில் குழாய் கிடக்கும், டீ குடிக்கப் போகும்போதும். நடந்து திரும்புகிற வேலை என்பதால் அவருக்கு அது பொருந்தியது. அவரைப் பார்த்து நானும் அப்படியே போட்டுக்கொண்டேன், எனக்குப் பொருந்தவில்லை. உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்குக் குழாய் முன்பக்கமாகத் தொங்கினால் நேராகத் தீக்கு மேல் வந்து நிற்கும்.

எனக்குச் சரிப்பட்ட வழி இது. கண்ணாடியின் இடது முனையில் சுவிவல். அங்கிருந்து குழாய் இடது தோளுக்கு மேலே ஏறி, பிடரிக்குப் பின்னால் போய், வலது தோள் வழியாக மார்புப் பக்கம் இறங்கி, ஒரு சின்ன வளைவு எடுத்து வாய்க்கு வரும். சட்டைக் காலரில் துணி காயப்போடும் கிளிப் ஒன்று அதைப் பிடித்திருக்கும். குழாயின் கனம் தோளில் உட்கார்ந்துவிடுகிறது, கண்ணாடி முனைக்குப் போவதில்லை. மார்பில் இருக்கும் அந்த வளைவுக்கும் காரணம் இருக்கிறது: மூச்சுக் காற்றின் ஈரம் குழாய்க்குள் துளியாகச் சேரும். வளைவு இருந்தால் அது அங்கேயே தேங்கி நிற்கும். இல்லாவிட்டால் நேராக ஓடி, சூடான மூட்டில் ஒரு சொட்டு விழும், டப் என்று ஒரு சத்தம், கதை முடிந்தது. மணிக்கொரு தரம் குழாயைக் கழற்றி உதறுங்கள். மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி.

நீளம் கடையில் தீர்மானிக்கிற விஷயம் இல்லை. வேலை செய்கிற நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழுக்க நீட்டி, கண்ணாடியைத் தீயைத் தாண்டிக் கொண்டுபோய், அந்த நிலையில் வாயில் இருக்கும் துண்டு இழுபடாமல் இருந்தால் அதுதான் உங்கள் நீளம். எனக்கு 130 செ.மீ. உயரமான ஆளுக்குக் கூடும். தாராளமாக இருக்கட்டும் என்று அரை மீட்டர் கூட்டினால் அது முழங்கையில் சுற்றும், மடியில் விழும், ஒரு நாள் பர்னரில் கருகும். கூரையிலிருந்து நூல் கட்டிக் குழாயைத் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. எப்போதும் ஒரே இடத்தில் உட்கார்ந்து கனமான வேலை செய்கிறவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. மஞ்சள் வெளிச்சத்தை மறைக்கும் டிடிமியம் மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் குழாயைக் காதுக்கு மேல் விடாதீர்கள், மூக்குக்கண்ணாடியையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கழுத்தைச் சுற்றி முழுச் சுற்று போடாதீர்கள், முடிச்சும் போடாதீர்கள். பிடரியில் கிடந்தால் போதும், இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். கண்ணாடியைப் பிடித்துச் சுற்றும் லேத் இயந்திரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது உயிர் விஷயம். சுற்றுகிற சக்கில், அதாவது அதன் பிடியில், குழாய் மாட்டினால் கழுத்தும் கூடப் போகும். துப்பட்டாவுக்கும் இதே சட்டம்தான், எங்கள் பட்டறைக்கு வரும் மாணவிகளிடம் தினமும் சொல்லித் திட்டு வாங்குகிறேன்.

அப்புறம், உறிஞ்சாதீர்கள். பழுது பார்க்க வரும் பழைய மானோமீட்டர், மெக்லியாட் கேஜ் மாதிரி அழுத்தம் அளக்கும் கருவிகளில் பாதரசம் மூலையில் ஒளிந்திருக்கும்; சூடுபட்டால் ஆவியாகி, நீங்கள் நாக்கை விலக்குகிற நொடியில் குழாய் வழியாக வரும். “கழுவிட்டோம் சார்” என்று கொண்டுவருகிற பிளாஸ்க்கில் கழுவப் பயன்படுத்திய அசிட்டோன் மிச்சமிருக்கும். ஒரு முறை தீயில் காட்டியதும் உள்ளே குப்பென்று பற்றியது. பஞ்சு அடைத்த சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்று நடுவில் இருந்ததாலும், நான் நுரையீரலால் ஊதாமல் கன்னத்தால் ஊதுகிறவன் என்பதாலும் உதட்டில் சூடு பட்டதோடு போனது. அதிலிருந்து, என் கண்ணெதிரே அடுப்பில் வைத்துக் காயவைக்காத எதிலும் குழாயை மாட்டுவதில்லை. கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

இதில் பெரும்பகுதியை அந்தப் பையனுக்குக் குரல் பதிவாக அனுப்பினேன், நாலு துண்டாக. பெட்டியை விட்டுவிட்டான். சர்ஜிக்கல் கடையில் லேட்டக்ஸ் இரண்டு மீட்டர், கார்க் ஒரு கைப்பிடி, ஒரு கடைசல்காரரிடம் சுவிவல் என்று எல்லாம் சேர்த்துவிட்டு நேற்று ஒரு வீடியோ அனுப்பினான். குழாய் தோள் வழியாகச் சரியாகப் போகிறது, காலரில் கிளிப், மார்பில் வளைவு. கண்ணாடியும் நன்றாகத்தான் சுற்றுகிறது. ஆனால் கண்ணாடியோடு சேர்ந்து குழாயும் தோள் மேல் உருண்டுகொண்டே இருக்கிறது. ரொம்ப நேரம் பார்த்த பிறகுதான் புரிந்தது: சுவிவலை வாய்ப் பக்கம் மாட்டியிருக்கிறான். எந்தப் பக்கம் என்று நான் சொல்லவே இல்லையோ என்று என் குரல் பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். சொல்லவில்லை.